எருக்கலையிலிருந்து தொடங்குங்கள்: மட்டக்களப்பு, அம்பாறையில் வண்ணத்துப்பூச்சிகளைப் படம்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லடியிலோ திருக்கோவிலிலோ கடற்கரை மணலில் கொஞ்ச தூரம் நடந்தால் ஓர் எருக்கலையாவது கண்ணில் படும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதுமில்லை. அடுத்த முறை அதைக் கடக்கும்போது நில்லுங்கள். இலையைக் கிள்ளாமல் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் வெள்ளையாய் ஒரு முட்டை ஒட்டியிருக்கலாம். பக்கத்து இலை கடிபட்டிருந்தால் புழுவும் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. உடல் முழுக்கக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள். முதுகில் மூன்று சோடி கறுப்புக் கொம்புகள். இலை விளிம்பை முன்கால்களால் பிடித்துக்கொண்டு, தலையை மேலிருந்து கீழாக இறக்கி, அரிவாள் வெட்டுப்போல ஒரே வளைவாகத் தின்னும். தின்று முடித்து அது ஆகப்போவதுதான் பிளேன் டைகர். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் இதற்கு வெந்தய வரியன் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் எல்லாமே வண்ணாத்திப்பூச்சிதான்.

படம்பிடிக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்களின் முதல் கேள்வி, "அண்ணே, எந்தக் கமரா வாங்கலாம்?" என்பதாகவே இருக்கிறது. நான் முதலில் செடியைக் காட்டுவேன். பறக்கிற பூச்சியைத் துரத்தினால் உங்களுக்குக் கிடைப்பது அதன் முதுகும் ஒரு மங்கலும். அது எந்தச் செடிக்கு, எத்தனை மணிக்கு, எதற்காக வரும் என்று தெரிந்தால், நீங்கள் முன்பே போய் உட்கார்ந்திருக்கலாம். பூச்சி தானாக வந்து உங்கள் முன்னால் அமரும்.

முதற்படி: செடிகளைப் படியுங்கள்

வீட்டு வளவிலிருந்தே தொடங்கலாம். தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் இரண்டு பெரிய வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும்: லைம், கொமன் மோர்மன். இளம் புழு பார்ப்பதற்குக் குருவி எச்சம் போலவே இருக்கும். பலர் பார்த்தும் பார்க்காமல் போவது இதனால்தான். வளர்ந்தபின் பச்சையாகிவிடும். ஈர்க்கால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் விடும். படத்துக்காக அதை மீண்டும் மீண்டும் சீண்ட வேண்டாம். ஒரு தடவை பார்த்தால் போதும்.

மாமரமோ கஜு மரமோ இருந்தால் இலைகளின் நடு நரம்பைக் கூர்ந்து பாருங்கள். பரன் எனப்படும் வண்ணத்துப்பூச்சியின் புழு பச்சை நிறத்தில், இரு பக்கமும் இறகுபோல விரிந்த முட்களோடு, முதுகிலுள்ள வெளிர்க் கோடு நரம்போடு சரியாகப் பொருந்தும்படி படுத்திருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தாலும் கண் வழுக்கிப் போகும்.

ஆவரை, கொன்றை நிற்கும் இடங்களில் இளமஞ்சள், வெள்ளை நிற எமிகிரன்ட் வகைகள். வேலியில் காட்டுக் கொடித்தோடை படர்ந்திருந்தால் செம்மஞ்சள் நிற டோனி கோஸ்டர். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற கொடிகள் இருந்தால் கிரிம்சன் ரோஸ்: கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை, இரத்தச் சிவப்பில் உடல். நம் வரண்ட வலயத்தின் பேரழகி இதுதான் என்பது என் முடிவு.

இங்கே ஒரு கண்கட்டு இருக்கிறது. கொமன் மோர்மனின் பெண் பூச்சிகளில் சில, கிரிம்சன் ரோஸைப் போலவே சிறகை வைத்துக்கொள்ளும். ரோஸின் உடலில் நச்சு இருப்பதால் பறவைகள் அதை விட்டுவிடும். அதே வேசத்தில் மோர்மனும் தப்பிக்கொள்ளும். சிறகை மட்டும் எடுத்தால் வீட்டுக்கு வந்து தலையைச் சொறிய வேண்டியதுதான். உடல் சிவப்பா கறுப்பா என்று படத்தில் தெரிய வேண்டும். சிவப்பென்றால் ரோஸ். கறுப்பென்றால் மோர்மன்.

முட்டையிடும் செடி ஒன்று, தேன் குடிக்கும் செடி வேறு. நாயுண்ணிப் பூ வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய செடிதான். ஆனாலும் காலை வேளையில் அதன் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்தால் நான்கைந்து வகைகளாவது வரும். நிலத்தோடு கிடக்கும் மூக்குத்திப்பூண்டில் சின்னவிரல் நகத்தளவு நீலப்பூச்சிகள் வரும். தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் தனி விசயம். புளூ டைகர், குரோ என்ற வண்ணத்துப்பூச்சி வகைகளின் ஆண்கள் இவற்றின் வாடிய பாகங்களை மொய்ப்பது தேனுக்காக அல்ல. அந்தச் செடியின் காரச்சத்தை உறிஞ்சித்தான் பெண்ணைக் கவரும் வாசனையை உண்டாக்குகின்றன. அதில் மூழ்கியிருக்கும்போது உங்களைக் கணக்கிலும் எடுக்காது. புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

இரண்டாம் படி: காலமும் நேரமும்

மாரி மழை தொடங்கும் ஒக்டோபர் முதலே பூச்சிகள் பெருகும். ஆனால் படத்துக்கு உகந்தது, மழை ஓய்ந்து தளிர் விட்டிருக்கும் ஜனவரிக் கடைசி தொடக்கம் ஏப்ரல் வரை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வாயில் மணலை அள்ளிப் போடும். செடி ஒரு நொடி நிற்காது. அப்போது திறந்த வெளியை விட்டுவிட்டு குளக்கட்டு, வாய்க்கால் ஓரம், மாந்தோப்பு நிழல் என்று ஒதுங்க வேண்டும். ஈரம் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பூச்சியும் இருக்கும். ஆடியில் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கும்புக்கன் ஓயாக் கரையில் இளைப்பாறும்போது ஈரமணலைக் கவனித்துப் பார்க்கலாம். ஆண் வண்ணத்துப்பூச்சிகள் உப்புச்சத்துக்காக ஈரமண்ணில் கூட்டமாக இறங்கும். வியர்வை காயாத சட்டையிலும் வந்து உட்காரும்.

நாளில் இரண்டு நேரங்கள். காலை 6 முதல் 8.30 வரை ஒன்று. வண்ணத்துப்பூச்சி தன் உடலைச் சூடாக்கப் பெரும்பாலும் வெயிலையே நம்பியிருக்கிறது. வெயில் ஏறிச் சிறகுத் தசை சூடானால்தான் பறக்கும். அதுவரை சிறகை விரித்து வெயில் காயும், அசையாது. மற்றது மாலை 4.30க்குப் பிறகு. புல்நுனியிலும் காய்ந்த ஈர்க்கிலும் இரவுத் தங்கலுக்கு இடம் பிடிக்கும் நேரம் அது. மாலையில் டோனி கோஸ்டர் எந்தப் புல்லில் தொங்குகிறது என்று பார்த்து வைத்துவிட்டு, மறுநாள் விடியுமுன் அதே புல்லுக்குப் போங்கள். சிறகில் பனித்துளியோடு அங்கேயே இருக்கும். என் பழைய படங்களில் இன்றும் நான் எடுத்துப் பார்ப்பவை இப்படி எடுத்தவைதான்.

வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போவதென்றால் முதலில் விசாரியுங்கள். படுவான்கரையில் ஒரு வயல் வரம்பில் தும்பி தேடிப் போய், ஒரு மணி நேரம் ஒன்றுமே காணாமல் நின்றேன். வாடிக்குள்ளிருந்த ஐயா கூப்பிட்டுச் சொன்னார்: "நேத்துத்தான் மருந்தடிச்ச, மகன். இனி ஒரு கிழமைக்கு ஒண்டும் இராது. அங்கால வாய்க்காலுக்குப் போ." வாய்க்காலில் இருந்தன. மருந்தின் காரம் உங்கள் நெஞ்சுக்கும் கூடாது. ஆகவே பூச்சிக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மூன்றாம் படி: கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள்

போன் மட்டும் இருக்கிறதா? போதும். ஆனால் மெக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுக்கும் முறை) என்று தானாக மாறும் அகலக்கோண லென்ஸை நம்ப வேண்டாம். அது பூச்சிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கிட்டப் போகச் சொல்லும். போனின் நிழல் விழும், பூச்சி பறந்துவிடும். 2 அல்லது 3 மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு தள்ளி நின்று எடுங்கள். புழு, முட்டை போல ஓடாதவைக்கு, போனில் கவ்வி மாட்டும் கிளிப் லென்ஸ் நல்லது.

கமரா இருந்து, சாதாரண 55-250 அல்லது 70-300 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால், வண்ணத்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் அதுவே தாராளம். ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி நிற்க முடிவது பெரிய வசதி. அதன் முன்னால் ரேநொக்ஸ் டிசிஆர்-250 போன்ற உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை மாட்டினால் எறும்பு, கும்பிடுபூச்சி வரை இறங்கலாம். 90 முதல் 105 மில்லிமீற்றர் வரையான மெக்ரோ லென்ஸ் இந்த வேலைக்கென்றே பிறந்தது. காசு சேர்ந்தால் வாங்குங்கள், அதுவரை காத்திருக்க வேண்டாம்.

அத்தோடு: முழங்காலுக்குப் போட ஒரு சாக்குத் துண்டு, ஒரு குடை, பழைய வெள்ளை வேட்டித் துண்டு, இரண்டு உடுப்புக் கிளிப், ஒரு மூங்கில் குச்சி. கடற்கரையில் லென்ஸ் கழற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். கல்லடியில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை மாற்றினேன். உள்ளே போன மணல், குவிவு (ஃபோகஸ்) வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் நெறுநெறு என்றது. துப்புரவாக்க ஒரு லென்ஸின் பாதிக் காசு போனது. மாரியில் இன்னொரு எதிரி பூஞ்சணம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

நான்காம் படி: கிட்டப் போகும் விதம்

பூச்சியின் கண்ணுக்கு உருவத்தைவிட அசைவுதான் முதலில் தெரியும். ஆகவே அடி அடியாக அல்ல, அரை அடி அரை அடியாக. உடலை முதலே தாழ்த்திவிடுங்கள். கிட்டப் போய்க் குனிந்தால் அந்தக் குனிவே அதை விரட்டும். உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். வெயில் காயும் பூச்சி மேல் நிழல் விழுந்தால் அடுத்த கணமே இல்லை. அது சாய்ந்திருக்கும் செடியில் உங்கள் சட்டை முட்டக் கூடாது. கமராவைத் தூரத்திலேயே கண்ணுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டு நடங்கள்.

பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். வண்ணத்துப்பூச்சிகளில் பான்சி வகைகளும் எக்பிளை ஆண்களும் தங்களுக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருக்கும். ஒரு சுற்றுச் சுற்றி, வந்த இன்னொன்றை விரட்டி, அதே கிளைக்குத் திரும்பி வரும். தும்பியும் அப்படித்தான். வெறும் கிளை நுனிக்கு முன்கூட்டியே குவிவை வைத்துவிட்டு இருங்கள்.

ஐந்தாம் படி: கமராவின் எண்கள்

தொடக்கத்துக்கு இதை வையுங்கள்: லென்ஸின் திறப்பு எஃப் 8, ஷட்டர் வேகம் 1/500 செக்கன், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) தானியங்கி, உச்சம் 3200. கோப்பு, கமரா பதப்படுத்தாத ரோ வடிவில்.

அமைதியாக வெயில் காயும் பூச்சிக்கு 1/250 போதும். கிரிம்சன் ரோஸும் மோர்மனும் தேன் குடிக்கும்போதுகூடச் சிறகடித்துக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு 1/1000க்குக் குறையக் கூடாது. பறக்கும்போது பிடிக்க 1/2000க்கு மேல்.

குவிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தெளிவாக விழும் என்பதுதான், இந்தக் கலையின் பெரிய தலையிடி. பூச்சி அதன் உண்மையான அளவிலேயே கமராவின் சென்சரில் விழும்படி எடுத்தால், எஃப் 8இல் தெளிவாக இருப்பது ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அதற்காக எஃப் 22க்கு மூடினால் எல்லாமே மென்மையாகிக் கெட்டுப்போகும். இரண்டு வழி உண்டு. ஒன்று, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்வது. மற்றது, கோணம். சிறகை மூடி உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு நேர் பக்கவாட்டில், கமராவின் பின்பக்கம் சிறகின் தளத்துக்குச் சமாந்தரமாக வரும்படி நில்லுங்கள். கண் முதல் சிறகின் வால் வரை ஒரே தெளிவில் வரும். ஒரு பத்துப் பாகை சரிந்தாலும் பாதிச் சிறகு போய்விடும். எதை இழந்தாலும் கண் தெளிவாக இருக்க வேண்டும். மிகக் கிட்டத்தில் தானியங்கிக் குவிவு அங்குமிங்கும் ஓடும். கைக்குவிவுக்கு மாற்றி, வளையத்தைத் தொடாமல், மூச்சை விட்டபடி உங்கள் உடலையே முன்னும் பின்னும் இம்மியளவு ஆட்டி, கண் தெளியும் கணத்தில் நான்கைந்து படம் தொடர்ந்து எடுங்கள்.

வெள்ளைப் பூச்சிகளில் ஒரு பொறி இருக்கிறது. கரும்பச்சை இலை நடுவே ஒரு எமிகிரன்ட் இருந்தால், கமரா இலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சிறகு வெறும் வெள்ளைக் கடதாசியாகும். ஒளியீட்டை (எக்ஸ்போஷர்) 0.7 முதல் 1 ஸ்டொப் வரை குறையுங்கள். குரோ போன்ற கரும்பூச்சி சட்டத்தை நிறைத்தாலும் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சாம்பலாகிவிடும்.

வெயில் கடுமையானால் வெள்ளை வேட்டித் துண்டைப் பூச்சிக்கும் சூரியனுக்கும் நடுவே ஒருவர் பிடித்தால் ஒளி பால்போல் இறங்கும். பிளாஷ் என்றால் 1/200இல், முன்னால் மெல்லிய வெள்ளை ரெஜிபோம் தட்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். காற்றுக்குச் செடி ஆடினால் மூங்கில் குச்சியை நிலத்தில் ஊன்றி, தண்டைக் கிளிப்பால் அதோடு பிணைக்கலாம். ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே.

தும்பி, முசுறு, இன்னும் சில

உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று எந்தக் குளக்கட்டுக்குப் போனாலும் தும்பிகளுக்குக் குறைவில்லை. நடுப்பகலில் சில தும்பிகள் வாலைச் சூரியனை நோக்கி நேர் மேலே தூக்கி, தலைகீழாக நிற்பதுபோல நிற்கும். வெயில் படும் பரப்பைக் குறைத்து உடலைக் குளிர வைக்கும் தந்திரம் அது. அந்த நேரம் வேறெதையும் எடுக்க ஒளி உதவாது. இதை மட்டும் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். "தும்பி தாழப் பறந்தால் மழை" என்று சொல்வார்கள் அல்லவா? மஞ்சள் நிறத்தில் கூட்டமாகச் சுற்றும் அந்தத் தும்பிகளில் ஒரு வகை காற்றின் துணையோடு இந்து சமுத்திரத்தையே தாண்டுவது. முற்றத்தில் அதைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள், படம் வேறு மாதிரி வரும்.

மாமரத்து முசுறுக் கூட்டை நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்திருக்கும். இன்னும் சில, தங்கள் புழுக்களை வாயில் கவ்வி வந்து, நெசவு நாடா போல இங்குமங்கும் ஆட்டி, புழு விடும் நூலால் இலைகளைத் தைக்கும். 300 மில்லிமீற்றரில் தள்ளி நின்றே எடுங்கள். மரத்தில் சாய்ந்தால் கடி மட்டுமல்ல, கடித்த இடத்தில் அமிலமும் விடும். சில நீலச் சிறு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களை எறும்புகள் சுற்றி நின்று காவல் காக்கும். புழு சுரக்கும் இனிப்புநீர் அதற்குக் கூலி. பூங்கொத்தில் காரணமில்லாமல் எறும்பு மொய்த்தால் நடுவே பாருங்கள்.

எங்கே கவனம் வேண்டும்

குமண, லகுகல, 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா ஆகிய தேசியப் பூங்காக்களுக்குள், குறிக்கப்பட்ட இடங்கள் தவிர, வாகனத்தை விட்டு இறங்க விடமாட்டார்கள். பூச்சிப் படத்துக்கு முழங்கால் மண்ணில் பட வேண்டும். ஆகவே பூங்காவுக்கு வெளியே பொத்துவில், பாணமை ஓரங்கள், ஊர்க் குளங்கள், கோயில் தோப்புகள்தான் நமக்கு ஏற்றவை. அங்கும் யானை வரும். விடியுமுன்னும் பொழுது சாய்ந்தபின்னும் தனியே போக வேண்டாம். முதல் நாள் யானை எங்கே நின்றது என்று ஊரவரிடம் கேளுங்கள். வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. தும்பிக்காக நீர் விளிம்பில் கண்ணைக் கமராவில் புதைத்துக் குந்தியிருப்பது ஆபத்து. கட்டிலிருந்தே எடுங்கள். சருகில் முழங்கால் வைக்குமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள். சுருட்டையும் கண்ணாடி விரியனும் நம் பக்கம் உள்ளவைதான்.

பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரக்கச் செய்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசை வைத்து ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். சில வாரங்களே வாழும் உயிரின் ஒரு நாளைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் எதையும் பிடிப்பது 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றமும்கூட.

வீட்டிலேயே ஒரு முழு வாழ்க்கை

தூரம் போக முடியாதவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு, தேசி மரம் போதும். ஒரு முட்டையைக் கண்டுபிடித்து, அந்தக் கிளையில் நூல் ஒன்று கட்டி அடையாளம் வையுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே கோணம், ஒரு படம். புழு ஒருநாள் தின்பதை நிறுத்தும். இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கிளையில் சாய்ந்து கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் மண்ணிறமாகவும் இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஒருநாள் மாலை, கூட்டின் தோலூடே சிறகின் நிறங்கள் தெரியும். அன்றிரவே கமராவைத் தயாராக முக்காலியில் வையுங்கள். மறுநாள் காலை, பெரும்பாலும் வெயில் ஏறுமுன், தோல் வெடிக்கும். வெளிவரும் சிறகு கசங்கிய கடதாசி போலிருக்கும். அரை மணி நேரத்துக்குள் விரிந்துவிடும், காய்ந்து பறக்க இன்னும் சில மணி நேரம் ஆகும். விரியும் நேரத்தில் தொட்டால் சிறகு கோணலாகிவிடும், பிறகு பறக்கவே மாட்டாது. பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லி வையுங்கள்.

கடைசிப் படி: குறித்து வையுங்கள்

வீட்டுக்கு வந்ததும் படத்தைத் திருத்துவதற்கு முன்னால் நான்கு விசயங்களை எழுதிவிடுங்கள்: இடம், திகதி, நேரம், எந்தச் செடி. நாலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநெச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் பதிந்தால் இனம் காண உதவி கிடைக்கும். ஒரே பூச்சியின் மேற்சிறகு, அடிச்சிறகு இரண்டையும் போட்டால் சரியான பெயர் விரைவில் வரும். இரண்டு மாரி கழிந்தால் உங்கள் கொப்பியில் உங்கள் ஊருக்கே உரிய நாட்காட்டி ஒன்று இருக்கும். என்னுடையதில் பெப்ரவரிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "கல்லடி, எருக்கலை, காலை 6.40, பிளேன் டைகர் முட்டை 3, புழு 1, காற்று இல்லை."